தேதி ஏன் எழுதினார் தாத்தா?

நான் உயர்நிலை மூன்றில் படித்தபோது எங்கள் பள்ளிக்கு ஒரு மூத்த எழுத்தாளர் வந்திருந்தார். உரை முடிந்து கேள்வி நேரம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "உங்களுக்குப் பிறகும் உங்கள் கதைகள் வாழவேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். எழுத்தாளர் சிரித்தார். "அதெல்லாம் இல்லம்மா. என் மனநிறைவுக்காக எழுதுறேன், அவ்வளவுதான்," என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன்.

இன்று அந்தப் பதிலை நான் நம்பவில்லை. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் வேறு என்ன சொல்ல முடியும்? "ஆமாம், நூறு ஆண்டு கழித்தும் என்னைப் படிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்" என்று அவர் சொல்லியிருந்தால், நாங்கள்தான் முதலில் முகம் சுளித்திருப்போம். தலைக்கனம் என்றிருப்போம். அடக்கமாகத் தொடங்குவதற்கு நம் மரபில் 'அவையடக்கம்' என்று தனிப் பெயரே உண்டு. பத்தாயிரம் பாடல்களுக்குமேல் இராமகாதை பாடிய கம்பரே தம்மைச் சிறியவராகச் சொல்லிக்கொண்டுதான் தொடங்குகிறார். ஆனால் பத்தாயிரம் பாடல்! மனநிறைவு மட்டும் போதும் என்றால் அது நூறு பாடலிலேயே கிடைத்திருக்குமே.

எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், மெட்டமைக்கிறவர்கள் பெரும்பாலோருக்கு இந்த ஆசை இருக்கிறது என்பது என் கருத்து. வாயைக் கேட்டால் தெரியாது. கையைப் பார்க்கவேண்டும். எழுதி முடித்த தாளை அந்தக் கை என்ன செய்கிறது என்று கவனித்தால் தெரிந்துவிடும்.

எனக்கு இதைக் காட்டியது என் தாத்தாவின் நோட்டுப்புத்தகம்.

தாத்தா துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். 1970களிலும் 80களிலும் நாளிதழின் ஞாயிறு பதிப்புக்குக் கவிதைகள் அனுப்புவார். சில அச்சாகும். பல அச்சாகாது. பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. அவர் காலத்திலேயே அதிகம் பேருக்குத் தெரியாது. "தாத்தா, இதெல்லாம் யாருக்காக எழுதினீங்க?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "சும்மாதான்யா. நைட் ஷிப்ட்ல பொழுது போகணும்ல," என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அவர் காலமான பிறகு ரெட்ஹில் வீட்டைக் காலி செய்தோம். பழைய செய்தித்தாள்களோடு சேர்த்துப் போட்டுவிட இருந்த ஒரு பிஸ்கட் டின்னில் அந்த நோட்டு இருந்தது. உள்ளே 58 நறுக்குகள். ஒவ்வொன்றும் விளிம்பு பிசகாமல் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. கீழே நீல மையில் தேதி, பக்க எண். ஒரு கவிதையில் 'துறைமுகக் கரை' என்று வரவேண்டிய இடத்தில் 'துறைமுகக் கறை' என்று அச்சாகிவிட்டது. தாத்தா அந்த வல்லின றகரத்தை ஒரே கோட்டால் அடித்து, மேலே சின்னதாக 'ர' எழுதியிருந்தார்.

அந்தத் திருத்தத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாள் அச்சாகிவிட்டது. வாங்கியவர்கள் படித்துவிட்டார்கள். அன்று மாலையே யார் வீட்டிலோ அதில் மீன் மடித்திருப்பார்கள். இனி அந்த எழுத்தைத் திருத்தி யாருக்கு என்ன ஆகப்போகிறது? தாத்தாவுக்குச் சரியான சொல் எது என்று தெரியும். அவருக்குத் திருத்தம் தேவையில்லை. தேதியும் அப்படித்தான். பொழுதுபோக்குக்கு எழுதுகிறவர் பக்க எண் குறித்து வைக்கமாட்டார். பிற்பாடு யாரோ ஒருவர் இந்த நோட்டைத் திறப்பார் என்று நினைக்கிறவர்தான் அப்படிச் செய்வார்.

இந்த நோக்கில் பார்க்கத் தொடங்கியதும், இலக்கிய உலகின் பெரிய பெயர்களும் வேறு மாதிரித் தெரிந்தன.

பிரான்ஸ் காஃப்காவை எடுத்துக்கொள்ளுங்கள். பிராக் நகரில் வாழ்ந்து ஜெர்மன் மொழியில் எழுதியவர். 1924இல் காசநோயால், 40 வயதில் இறந்தார். தம் கையெழுத்துப் படிகளையும் நாட்குறிப்புகளையும் படிக்காமல் எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடுக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். பிராட் எரிக்கவில்லை. 1925இல் 'விசாரணை' நாவலை வெளியிட்டார், பிறகு ஒவ்வொன்றாக மற்றவற்றையும். 1939இல் நாஜிப் படை பிராக் நகருக்குள் நுழைந்தபோது, நண்பரின் தாள்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறினார்.

"பார்த்தீர்களா, காஃப்காவுக்கு அந்த ஆசையே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காஃப்காவுக்கு எரிக்கத் தெரியாமல் இல்லை. தம் தாள்கள் பலவற்றை அவரே எரித்திருக்கிறார். மிச்சத்தை மட்டும் எரிக்கும் பொறுப்பை, "நான் எரிக்கமாட்டேன்" என்று நேரிலேயே சொல்லியிருந்த நண்பரிடம் ஒப்படைத்தார். அதைவிட முக்கியமான ஒன்று: வியன்னா அருகே ஒரு மருத்துவ இல்லத்தில், தொண்டையில் நோய் பரவி, பேசவும் விழுங்கவும் முடியாமல் கிடந்த கடைசி நாள்களில் அவர் செய்த வேலை, 'பட்டினிக் கலைஞன்' தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்தது. புத்தகம் வெளிவந்தபோது அவர் இல்லை. இன்னும் சில நாளில் இறந்துவிடுவோம் என்று தெரிந்த ஒருவர் எழுத்துப்பிழை திருத்துகிறார். காஃப்காவையும் என் தாத்தாவையும் ஒப்பிடுவது அதிகப்படிதான். ஆனாலும் அந்தக் கை ஒரே கைதான்.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் இன்னும் அமைதியானவர். வாழ்நாளில் அவருடைய கவிதைகளில் பத்தோ சற்றுக் கூடுதலோதான் அச்சில் வந்தன, அவையும் பெரும்பாலும் பெயரில்லாமல். 1886இல் அவர் இறந்த பிறகு, தங்கை லவினியா அறையைத் திறந்து பார்த்தபோது நூற்றுக்கணக்கான கவிதைகள் கிடைத்தன. இன்று கணக்கில் இருப்பவை ஏறத்தாழ 1,800. அவற்றில் பலவற்றை அவர் நல்ல கையெழுத்தில் படியெடுத்து, தாள்களை மடித்து, ஊசி நூலால் தைத்து, சிறு சிறு ஏடுகளாக வைத்திருந்தார். அப்படி நாற்பது ஏடுகள். வீட்டை விட்டு வெளியே வராத, புகழ் வேண்டாத பெண் என்று அவரைப் பற்றி ஒரு கதை பரவியிருக்கிறது. இருக்கலாம். ஆனால் தைத்திருக்கிறாரே.

எல்லாரும் ஒளித்து வைப்பதும் இல்லை. பாரதியார் ஒளிக்கவே இல்லை. 1920இல் கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்துகளை எல்லாம் நாற்பது நூல்களாகக் கொண்டுவரத் திட்டமிட்டு, அச்சுச் செலவுக்குக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிட வேகமாகத் தம் புத்தகங்கள் விற்கும் என்பது அவர் நம்பிக்கை. திட்டம் நிறைவேறவில்லை. மறுஆண்டு செப்டம்பரில், 38 வயதில், மறைந்தார். அதன்பின் மனைவி செல்லம்மாள் அவர் நூல்களை வெளியிடும் முயற்சியில் இறங்கினார். 1949இல் சென்னை மாகாண அரசே அவர் படைப்புகளின் உரிமையை வாங்கியது. பின்னர் அது மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டது. தாம் வாழப்போகிறோம் என்று பாரதியார் வெளிப்படையாக நம்பினார். அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பள்ளிக்கு அவர் வந்து, அதே மாணவி அதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நம் தலைமுறை மட்டும் விதிவிலக்கா? "நாங்கள் இந்த நொடிக்காகத்தான் பதிவிடுகிறோம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். இன்ஸ்டகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதுதான் அதன் அழகு என்பார்கள். அப்படிச் சொன்ன நண்பரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ஹைலைட்ஸ்' வட்டங்கள் வரிசையாக இருக்கும், பெயர் போட்டு, அட்டைப்படம் வைத்து. டிக்கின்சனுக்கு ஊசி நூல், இவர்களுக்கு அது.

இந்த ஆசையை ஒத்துக்கொள்ளாததால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். குறைகிறது. ஆசைப்படுவது அகம்பாவம் என்று நினைக்கிறவர் தம் எழுத்தைப் பத்திரப்படுத்தமாட்டார். உயர்நிலை நான்கில் நான் எழுதிய கதைகளை ஓ நிலைத் தேர்வு முடிந்த மறுநாள் கிழித்துப் போட்டேன். "நான் என்ன பெரிய எழுத்தாளனா?" என்ற எண்ணம்தான் காரணம். அவை நல்ல கதைகள் இல்லை. ஆனாலும் பதினாறு வயதில் புக்கிட் மேராவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பையன் எதைப் பற்றியெல்லாம் யோசித்தான் என்பதற்கு வேறு சான்று கிடையாது. எனக்கே இப்போது நினைவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். என் பாட்டி தினமும் காலையில் வாசலில் கோலம் போடுவார். வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் ஓர் அடி அகலத்துக்குத்தான் இடம். எட்டு மணிக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிள் அதில் ஏறிவிடும். பாட்டி படம் எடுக்கவில்லை, நோட்டில் வரைந்து வைக்கவும் இல்லை. மறுநாள் வேறு கோலம். என் வாதம் பாட்டியிடம் செல்லுபடியாகாது. அழிவது தெரிந்தே, அழியட்டும் என்றே செய்யப்படும் கலையும் உண்டு. அது எந்த விதத்திலும் குறைந்தது அல்ல. சொல்லப்போனால், தாத்தாவைவிடப் பாட்டிதான் நிம்மதியான கலைஞர்.

இன்னொன்றும் உண்டு. காலத்தை வெல்ல வேண்டும் என்ற ஆசை எழுதும் நேரத்தில் மேசைக்கு அருகே வந்து நின்றுவிட்டால் எழுத்து கெட்டுவிடும். தாத்தாவின் 58 கவிதைகளில் மிக மோசமானது 'வருங்காலத் தலைமுறைக்கு' என்று தொடங்குவது. தமிழ், தாயகம், விழிமின், எழுமின் என்று ஒரே முழக்கம். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். மிக நல்லது, நைட் ஷிப்டில் பாரந்தூக்கியின் விளக்கொளியில் சாப்பாட்டு டின்னைத் திறப்பது பற்றி அவர் எழுதியது. சாம்பார் ஆறிப்போயிருக்கிறது, எதிரே நிற்கும் கப்பல் எந்த நாட்டுக்கொடி என்று தெரியவில்லை. அவ்வளவுதான் கவிதை. எதிர்காலத்தைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. எனக்கு அந்தக் கவிதைதான் வந்து சேர்ந்தது. ஆசை எழுதி முடித்த பிறகு வந்தால் போதும். கத்தரிக்கோலும் பசையும் எடுக்கும்போது.

சரி, ஆசை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எதற்கு ஆசை? பெயர் நிலைக்கவா, படைப்பு நிலைக்கவா?

குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் என்று ஒரு புலவர் இருக்கிறார். தமிழ் இலக்கியம் பாடமாக எடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய பெயர் அல்ல. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரை அவர் ஓர் உவமையாக வைத்தார். பாடல்களைத் தொகுத்தவர்களுக்கு உவமை கிடைத்தது, ஆளின் பெயர் கிடைக்கவில்லை. உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் எல்லாரும் அப்படி வந்தவர்களே. அவர்கள் எந்த ஊர், என்ன தொழில், யாரை நினைத்துப் பாடினார்கள், எல்லாம் போய்விட்டன. இன்று திருமண அழைப்பிதழ்களில் அச்சாகும் அளவுக்கு அந்த மழைநீர் மட்டும் தங்கிவிட்டது. "உன் பாட்டு இரண்டாயிரம் ஆண்டு இருக்கும், உன் பெயர் இருக்காது, சம்மதமா?" என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால்? கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்திருப்பார் என்றே நினைக்கிறேன். தாத்தாவும் சம்மதித்திருப்பார். நறுக்குகளில் எங்கும் அவர் தம் பெயரை அடிக்கோடிடவில்லை. 'ர'வைத்தான் திருத்தினார்.

ஆனால் அந்தப் பாடல் இங்கு வந்து சேர்ந்ததில் புலவரின் ஆசைக்குப் பங்கு மிகக் குறைவு. பனையோலை என்றைக்கும் இருக்காது. பூச்சி அரிக்கும், ஓரம் முறியும். ஒவ்வொரு சில தலைமுறைக்கும் யாரோ ஒருவர் எழுத்தாணி எடுத்து உட்கார்ந்து, பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் முழுவதையும் எழுதவேண்டும். அதில் ஒரு தலைமுறை சலித்துப்போய் விட்டிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும். குறுந்தொகை முதன்முதலாக அச்சேறியது 1915இல்தான். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் அதைப் படியெடுத்தவர்களில் எவரையும் நாம் பெயர் சொல்லி நினைப்பதில்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிய கதையைப் படிக்கும்போது எனக்கு வியப்பு, அவர் கண்டுபிடித்தவற்றில் மட்டும் அல்ல. ஏதோ ஒரு வீட்டுப் பரணில், தமக்கே புரியாத ஓலைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த குடும்பங்கள்மீதும்தான்.

சிங்கப்பூரில் அந்த வேலையைச் சட்டமே செய்தது. 1887இல் சி.ந. சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி' இங்கு அச்சானது. அதே ஆண்டு மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான், இங்கு அச்சாகும் நூல்களின் படிகளை அரசிடம் ஒப்படைக்கவேண்டும் என்று பிரிட்டிஷ் ஆட்சி சட்டம் போட்டிருந்தது. ஒரு படி லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அரும்பொருளகத்துக்குப் போகும். தமிழ் தெரியாத எழுத்தர் ஒருவர் முத்திரை குத்தி அலமாரியில் வைத்திருப்பார். பண்டிதரின் ஆசை ஒருபக்கம் இருக்க, அந்த எழுத்தரின் அலுப்பூட்டும் கடமைக்கும் நாம் நன்றி சொல்லவேண்டியிருக்கிறது. இன்றும் சிங்கப்பூரில் ஒரு நூலை அச்சிட்டு வெளியிட்டால், நான்கு வாரத்துக்குள் இரண்டு படிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் கொடுக்கவேண்டும். உங்கள் தமிழ் மன்றம் சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டு, விழா எடுத்து, படம் பிடித்து, இதை மட்டும் மறந்துவிட்டிருந்தால் தயவுசெய்து போய்க் கொடுங்கள்.

எழுத்தாளரே பாதுகாவலராகவும் இருந்த ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். நா.கோவிந்தசாமி சிறுகதை எழுதியவர். தம் கதைகளைப் பற்றி மட்டும் அவர் கவலைப்பட்டிருக்கலாம். கணினியில் தமிழ் எழுதுவது எளிதாக இல்லாத காலத்தில் அவர் 'கணியன்' மென்பொருளை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் அங்கே இருந்ததற்கு அவரே காரணம். 1999இல், 53 வயதில் காலமானார். யுனிகோட் பரவலாகும் முன் பல்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகள் பல இன்று திறந்தால் வெறும் குறிகளாகத் தெரிகின்றன. ஓலையைப் போலவே கோப்புக்கும் படியெடுப்பவர் தேவை.

அப்படியே படியெடுத்தாலும், படிக்க ஆள் வேண்டும். எனக்கு இப்போது பெரிய கவலை அதுதான். என் தம்பிக்கு வயது பதின்மூன்று. தமிழில் பேசுவான், தேர்வுக்குப் படிப்பான். தாத்தாவின் நோட்டைக் கொடுத்தபோது இரண்டு வரி எழுத்துக்கூட்டிவிட்டு, "நீங்களே படிங்கண்ணா," என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். சாப்பாட்டு டின் கவிதையைப் படித்துக் காட்டினேன். "தாத்தா சாம்பார் புடிக்கும்னு சொல்லவே இல்லையே," என்றான். ஐம்பது ஆண்டுக்கு முன் ஒருவர் தேதி போட்டு அனுப்பியது, அன்று ஒரு வழியாக இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் நான் இல்லாவிட்டால் சேர்ந்திருக்காது. தம்பிக்குப் பிறகு யார் நடுவில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் ஒரு நறுக்காகத் தட்டச்சு செய்து வருகிறேன். செய்தித்தாள் மஞ்சளாகி, தொட்டால் உதிர்கிறது. 'கரை' வந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தேன்: அச்சில் உள்ளபடி அடிப்பதா, தாத்தா திருத்தியபடி அடிப்பதா? திருத்தியபடியே அடித்தேன். இதுவரை 31 முடிந்திருக்கின்றன. மீதியில் நான்கில் மட்டும் தேதி இல்லை. பசை விட்டுப்போய், கீழே இருந்த தாளோடு போயிருக்கவேண்டும். விடுமுறையில் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ் மின்தளத்தில் அந்த ஆண்டுகளின் ஞாயிறு பதிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கவேண்டும். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.